டிரைவர் சம்பளத்துல கை வெச்சா ஆக்சிடென்ட் குறையாது சார்: எங்க கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எம்.டி. சார், ஹெச்.ஆர். மேடம், ஃப்ளீட் மேனேஜர் சார், அக்கவுன்ட்ஸ்ல இருக்கறவங்க எல்லாருக்கும்,

போன வாரம் யார்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லி அனுப்பினீங்களே, அந்த சர்க்குலர் பத்தி தான் இது. இனிமே எந்த வண்டிக்கு எந்த அடி பட்டாலும் ரிப்பேர் செலவுல முதல் பத்தாயிரம் ரூபா டிரைவர் சம்பளத்துல பிடிப்போம், யார் மேல தப்புன்னு விசாரிக்கறதெல்லாம் கிடையாது, ஒரே வருஷத்துல ரெண்டாவது தடவை நடந்தா வேலையை விட்டு நிறுத்திடுவோம்னு போட்டிருக்கீங்க. எல்லா டிரைவர்கிட்டயும் படிச்சு காட்டி கையெழுத்து வாங்கற வேலைய என்கிட்ட குடுத்திருக்கீங்க. நான் வாங்கல. ஏன் வாங்கலன்னு மெயில் போட்டேன், பதில் வரல, நேர்ல கேட்டதுக்கு மேனேஜ்மென்ட் டிசிஷன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. அதனால தான் நாலு பேர் படிக்கற மாதிரி எழுதறேன். கம்பெனி பேரு போடல. இது நம்ம ஒரு கம்பெனி பிரச்சனை மட்டும் இல்ல, அம்பத்தூர் எஸ்டேட்லேர்ந்து ஒரகடம் வரைக்கும் சொந்தமா வண்டி வெச்சு ஓட்டற பல இடத்துல இதே பாட்டு தான் பாடறாங்க.

நானும் வண்டி ஓட்டிட்டு வந்தவன் தான், இப்ப யார்டு சூப்பர்வைசர். ரோட்ல எங்க இடிச்சாலும் முதல் போன் எனக்கு தான் வரும், இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தா கூட நிக்கறது நான், வொர்க்‌ஷாப் எஸ்டிமேட்ட வரி வரியா பார்த்து கையெழுத்து போடறதும் நான் தான். அதனால ஏசி ரூம்ல எக்ஸெல் ஷீட்ல தெரியாத சில விஷயம் எனக்கு தெரியும்.

முதல் விஷயம். பிடித்தம் போட்டா குறையறது ஆக்சிடென்ட் இல்ல சார், ஆக்சிடென்ட் ஆச்சுன்னு வர்ற போன் கால் தான். சர்க்குலர் இப்ப தான் வந்திருக்கு, ஆனா வாய்மொழியா இந்த பிடித்தம் முன்னாடியே நடந்துட்டு தான் இருக்கு, அது என்ன பண்ணுச்சுன்னு நீங்க பார்க்கணும்னா நம்ம பிக்கப் ஒண்ணு இன்ஜின் சீஸ் ஆகி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நின்னுச்சே, அதையே எடுத்துக்கலாம். டிரைவர் ஓவர்ஹீட்டை கவனிக்கலன்னு ரிப்போர்ட் போட்டு ஃபைல மூடிட்டீங்க. வொர்க்‌ஷாப்ல முன்பக்க பம்பர கழட்டினப்ப நான் பக்கத்துல இருந்தேன். வெளிய பளபளன்னு பெயின்ட், உள்பக்கம் திருப்பி பார்த்தா சுத்தியல் அடிச்ச தழும்பு வரிசையா இருக்கு. ரேடியேட்டர தாங்கற இரும்பு சட்டம் ஒரு பக்கம் உள்ள மடங்கியிருக்கு, ரேடியேட்டர் டேங்க் ஓரத்துல ஓட்டை அடைக்கற எம்-சீல் பசைய வெச்சு கட்டைவிரலால அழுத்தி தேச்சிருக்காங்க, அந்த விரல் ரேகை கூட காஞ்சு போய் அப்படியே இருந்துச்சு. மெக்கானிக் என்னை பார்த்தாரு, நான் அவரை பார்த்தேன், ரெண்டு பேருக்கும் புரிஞ்சு போச்சு.

நடந்தது இது தான். பாடி ஏரியா கிட்ட முன்னாடி போன ஆட்டோ சடார்னு நின்னதுல லேசா மோதியிருக்காரு. அதுக்கு முந்தின மாசம் தான் சைடு மிரர் உடைஞ்சதுக்கு அவருக்கு பிடிச்சீங்க, வீட்ல பசங்க ஸ்கூல் ஃபீஸ் கட்டற நேரம். மறுபடியும் சொன்னா மறுபடியும் பிடிப்பாங்கன்னு பயந்து, டியூட்டி முடிச்சிட்டு ரோட்டோர டிங்கர்கிட்ட விட்டு, சொந்த காசுல அடிச்சு நிமிர்த்தி பெயின்ட் போட்டு ராத்திரியோட ராத்திரியா யார்டுல கொண்டாந்து நிறுத்திட்டாரு. ரேடியேட்டர்ல கசிவு இருக்கறது தெரிஞ்சதும் எம்-சீல் வெச்சு, தினமும் காலைல தண்ணி ஊத்தி ஓட்டியிருக்காரு. ஒரு நாள் தாங்கல. ஹெட் கேஸ்கெட் போய், இன்ஜின் பிடிச்சிடுச்சு. வேலைய விட்டுட்டு போனதுக்கு அப்புறம் தான் என்கிட்ட முழுசா சொன்னாரு. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு ரேடியேட்டர், ஒரு பம்பரோட முடிஞ்சிருக்கும். சர்வேயர் வந்து பார்த்துட்டு இன்ஜினுக்கு ஒரு பைசா கூட வராதுன்னு சொல்லிட்டாரு. சரியா தான் சொன்னாரு, அடிபட்ட வண்டிய ரிப்பேர் பண்ணாம ஓட்டி அதனால சேதம் பெருசானா அது உங்க ரிஸ்க்குன்னு பாலிசி கண்டிஷன்லயே இருக்கு. சில ஆயிரத்த டிரைவர்கிட்ட வசூல் பண்ணப் பார்த்து இன்ஜின் செலவ முழுசா கம்பெனி கட்டுச்சு. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு பேரம் பேசின கதை.

இப்ப இந்த சர்க்குலர் வந்தா இந்த மாதிரி எத்தனை எம்-சீல் எத்தனை வண்டில ஒட்டுவாங்கன்னு நினைச்சு பாருங்க. ரேடியேட்டரா இருந்தா வண்டி நின்னு போகும். ஸ்டியரிங்க வீலோட இணைக்கற டை ராடு வளைஞ்சதையோ வீல் ரிம்முல வெடிப்பு விட்டதையோ மறைச்சா என்ன ஆகும், பைபாஸ்ல எண்பதுல போகும்போது?

ரெண்டாவது, இன்ஷூரன்ஸ். சின்ன சின்ன செலவு எல்லாம் கிளெய்ம்ல வர மாட்டேங்குது, அதனால தான் டிரைவர்கிட்ட பிடிக்கறோம்னு மீட்டிங்ல சொன்னீங்க. ஏன் வர மாட்டேங்குதுன்னு யாராவது பாலிசி காப்பிய பிரிச்சு பார்த்தீங்களா? கமர்ஷியல் வண்டிக்கு சாதாரண பேக்கேஜ் பாலிசி எடுத்தா லேம்ப், ஹெட்லைட், பம்பர், மட்கார்டு, பானெட், டயர், பெயின்ட் இதெல்லாம் பார்ஷியல் லாஸ்ல, அதாவது வண்டி முழுசா போகாம கொஞ்சம் அடிபட்டா, கவர் ஆகாது. ஐ.எம்.டி. 23ன்னு பாலிசியோட சேர்க்கற ஒரு எண்டார்ஸ்மென்ட் இருக்கு, ஓ.டி. பிரீமியத்துக்கு, அதாவது நம்ம வண்டி சேதத்துக்குன்னு கட்டற பிரீமியத்துக்கு மேல கொஞ்சம் சேர்த்து கட்டினா அதெல்லாம் உள்ள வரும். சென்னை சிட்டில டெலிவரி வண்டிக்கு அடி எங்க படும்? ஹெட்லைட்லயும் பம்பர்லயும் மட்கார்டுலயும் தான படும், வேற எங்க? ரெண்டு ரினியூவலுக்கு முன்னாடி பிரீமியம் குறைக்கறோம்னு அதை எடுத்துட்டீங்க, பழைய பாலிசில இருந்துச்சு, புதுசுல இல்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தேன். அதாவது பிரீமியத்துல மிச்சம் பண்ணினது கம்பெனி, அதோட ரிஸ்க்க தூக்கி தலைல வெச்சுக்கிட்டது மாச சம்பளம் வாங்கற டிரைவர், அவருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது.

நோ கிளெய்ம் போனஸ் கதையும் அதே தான். கிளெய்ம் பண்ணாத வருஷத்துக்கு 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 25, 35, 45ன்னு ஏறி அஞ்சு வருஷத்துல 50 சதவீதம் வரைக்கும் ஓ.டி. பிரீமியத்துல தள்ளுபடி கிடைக்குது, ஒரு கிளெய்ம் பண்ணினா அது போயிடும். அதனால சின்ன கிளெய்ம போட வேணாம்னு முடிவு பண்றது நியாயமான கணக்கு தான், நானே பல தடவை அப்படி சொல்லியிருக்கேன். ஆனா கிளெய்ம் போடாம காப்பாத்தின போனஸ் கம்பெனி பாக்கெட்டுக்கு போகுது, அந்த ரிப்பேர் பில்லு டிரைவர் பாக்கெட்டுலேர்ந்து போகுது. இது எந்த ஊர் நியாயம்? இன்னொரு வகைல கிளெய்ம் போட்டு பணம் வந்த கேஸ்லயும் டிப்ரிசியேஷன்ல, அதாவது தேய்மானத்துல கழிச்சாங்கன்னு டிரைவர்கிட்ட பிடிச்சிருக்கீங்க. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்னா 50 சதவீதம் கழிப்பாங்க, இரும்பு பார்ட்ஸுக்கு வண்டி வயச பொறுத்து கழிப்பாங்க, வண்டி பழசாச்சுன்னா அதிகமா கழிப்பாங்க. வண்டி பழசானதுக்கு டிரைவர் என்ன பண்ணுவாரு சார்?

மூணாவது தான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். ஆக்சிடென்ட்டையும் ரிப்பேரையும் நீங்க ரெண்டு தனி ஃபைலா வெச்சிருக்கீங்க. யார்டுல நிக்கறவனுக்கு அது ரெண்டும் ஒண்ணு தான். மதுரவாயல் சிக்னல்ல நம்ம வண்டி முன்னாடி நின்ன கார் பின்னாடி ஏறுச்சே, டிரைவர் அஜாக்கிரதைன்னு எழுதி அவர் சம்பளத்துல பிடிச்சீங்களே, அந்த வண்டியோட ரிப்பேர் ரிக்வெஸ்ட எடுத்து பாருங்க. பிரேக் பெடல் அடி வரைக்கும் இறங்குது, பின் வீல்ல உரசற சத்தம் வருதுன்னு அதே டிரைவர் தன் கைப்பட எழுதி குடுத்தது, கீழ என் கையெழுத்து இருக்கு, தேதி ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடி. நான் ஃப்ளீட்டுக்கு அனுப்பினேன், ஃப்ளீட் அக்கவுன்ட்ஸுக்கு அனுப்புச்சு, அக்கவுன்ட்ஸ் மூணு கொட்டேஷன் கேட்டுச்சு. பிரேக் லைனருக்கு மூணு கொட்டேஷன்! ஜி.பி. ரோடுக்கு ஆள் அனுப்பினா மத்தியானத்துக்குள்ள வாங்கிட்டு வந்து சாயங்காலம் மாட்டி அனுப்பியிருப்பேன். ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் டிரம்ம கழட்டினா லைனர் இருந்த இடத்துல ஒண்ணும் இல்ல, இரும்பும் இரும்பும் உரசி டிரம்முக்குள்ள விரல் வெச்சா பள்ளம் தெரியுது. லைனர் மட்டும் மாத்தறதுக்கு பதிலா டிரம்மும் சேர்த்து மாத்தினோம், அதோட அந்த கார்காரர் செலவு, வண்டி நின்ன நாளுக்கு வாடகை வண்டி செலவு. இவ்வளவும் ஆனதுக்கு அப்புறம் பணம் பிடிச்சது எழுதி குடுத்த ஆள்கிட்ட.

டயரும் அப்படி தான். வழுக்கையான டயரோட மழைக்காலத்துல அனுப்பறோம், அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்னு சொல்றீங்க, வடகிழக்கு பருவமழை நம்ம பட்ஜெட்டுக்காக காத்திருக்குமா என்ன? மெட்ரோ வேலை நடக்கற ரோட்டுல தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு வண்டி போற சந்துல ஓட்டறவனுக்கு பிரேக்கும் டயரும் ஸ்டியரிங்கும் தான் உயிர். இந்த பிரேக்கோட எடுக்க மாட்டேன்னு ஒரு டிரைவர் சொன்னா அன்னைக்கு ஆப்சென்ட் போடறோம். போட்டிருக்கோம், ரெஜிஸ்டர்ல இருக்கு.

இடைல ஒண்ணு சொல்லிக்கறேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழைல யார்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணி வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டு போகலாம்னு நான் சொன்னேன். டெலிவரி நின்னு போகுது, ஸ்டார்ட் பண்ணி பாருன்னு ஆபீஸ்லேர்ந்து போன்ல உத்தரவு. தண்ணி உள்ள இருக்கும்போது கிராங்க் பண்ணினா சிலிண்டருக்குள்ள தண்ணிய அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளையும், அது தான் ஆச்சு. வெள்ளத்துல மூழ்கினது கவர் ஆகும், ஆனா அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணினதால வந்த இன்ஜின் சேதம் கவர் ஆகாது, அதுக்கு தனியா இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் வேணும், நம்மகிட்ட இல்லன்னு இன்ஷூரன்ஸ்காரங்க கைய விரிச்சிட்டாங்க. போன்ல உத்தரவு போட்டவங்க சம்பளத்துல எதுவும் பிடிக்கல. பிடிக்கணும்னு நான் சொல்லல, அவசரத்துல எடுத்த முடிவு, மனுஷன்னா நடக்கும். அதே பெருந்தன்மை சவுகார்பேட்டை சந்துல ரிவர்ஸ் எடுக்கும்போது இண்டிகேட்டர் கண்ணாடி உடைச்ச டிரைவருக்கும் கிடைக்கணும்னு தான் கேக்கறேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஹெச்.ஆர். மேடத்துக்கு என்னை விட நல்லா தெரியும், இருந்தாலும் எழுதிடறேன். 1936ல வந்த சம்பளப் பட்டுவாடா சட்டத்துலயே இருக்கு, அதுக்கு பதிலா வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அப்படியே இருக்கு. சேதத்துக்காக சம்பளத்துல பிடிக்கணும்னா அது அந்த தொழிலாளியோட கவனக்குறைவாலயோ தவறாலயோ நேரடியா வந்ததா இருக்கணும், நிஜமா ஆன நஷ்டத்துக்கு மேல ஒரு ரூபா பிடிக்கக் கூடாது, பிடிக்கறதுக்கு முன்னாடி அவரோட விளக்கத்த கேக்கணும், ரெஜிஸ்டர்ல பதியணும், எல்லா பிடித்தமும் சேர்த்து சம்பளத்துல பாதிய தாண்டக் கூடாது. யார் மேல தப்புன்னு பார்க்க மாட்டோம்னு நீங்களே எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கீங்க. அதுல கையெழுத்து வாங்கிட்டா மட்டும் சட்டம் மாறிடுமா? வேலை நேரமும் அப்படி தான், 1961 மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்ட காலத்துலேர்ந்தே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு தான் கணக்கு, தீபாவளி சீசன்ல நம்ம டிரிப் ஷீட்ட எடுத்து பார்த்தா யாருக்கும் வாய் திறக்க முடியாது.

ஆக்சிடென்ட் ஆன நிமிஷத்துல என்ன நடக்குதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. டிரைவர் எனக்கு போன் பண்றாரு, கை நடுங்கறது குரல்ல தெரியும். நான் ஃப்ளீட்டுக்கு சொல்றேன். அங்கேர்ந்து வர்ற முதல் கேள்வி, வண்டி ஓடுமா? ரெண்டாவது கேள்வி, லோடு இன்னைக்கு போயிடுமா? உங்காளுக்கு அடிபட்டுச்சா, எதிர்ல இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டது எனக்கு ஞாபகம் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவு டிரைவர் மேல வைக்கற கடமை என்ன? அடிபட்டவங்கள ஆஸ்பத்திரிக்கு சேர்க்கணும், போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், இன்ஷூரன்ஸுக்கு தகவல் குடுக்கணும். நம்ம கவர்மென்ட்டோட இன்னுயிர் காப்போம் திட்டத்துல ரோடு ஆக்சிடென்ட் கேஸுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, லிஸ்ட்ல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரிலயும் கிடைக்கும், 2021 டிசம்பர்லேர்ந்து இருக்கு. நம்ம டிரைவருங்கள்ல பல பேருக்கு இது தெரியாது, நாம யாரும் சொல்லல. இப்ப பிடித்தம், வேலை போயிடும்னு பயமும் சேர்ந்தா அந்த நேரத்துல ஒருத்தன் நின்னு 108க்கு அடிப்பானா, இல்ல ஆக்சிலேட்டர மிதிப்பானா? ஒரு உயிர் போச்சுன்னா முன்னாடி ஐ.பி.சி. 304ஏ, அஜாக்கிரதையால மரணம்னு கேஸ், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஜூலைலேர்ந்து ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பி.என்.எஸ். சட்டத்துல 106ஆவது பிரிவு, அஞ்சு வருஷம் வரைக்கும். ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையப் போறது அந்த ஆள், அன்னைக்கு ஒரு வக்கீல் கூட அனுப்பாத கம்பெனி பம்பருக்கு மட்டும் கரெக்டா பில்லு போடுது.

எல்லா டிரைவரும் தங்கம்னு நான் சொல்ல வரல. போன் பேசிட்டே ஓட்டறவன் இருக்கான், ராத்திரி குடிச்சிட்டு காலைல அந்த வாசனையோட வர்றவன் இருக்கான், அவங்களுக்கு நானே சாவி குடுக்க மாட்டேன். அவங்கள விசாரிச்சு நடவடிக்கை எடுங்க, தாராளமா எடுங்க. ஆனா விசாரணையே இல்லாம எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னு வெச்சா குடிச்சிட்டு இடிச்சவனும் பத்தாயிரம், சிக்னல்ல ஒழுங்கா நின்னப்ப பின்னாடி பஸ்காரன்கிட்ட இடி வாங்கினவனும் பத்தாயிரம். நல்லா ஓட்டறவன் தான் முதல்ல வேலைய விட்டு போவான், ஏற்கனவே ரெண்டு பேர் வேற இடத்துல கேட்டு வெச்சிருக்காங்க.

நான் கேக்கறது இது தான். அந்த சர்க்குலர வாபஸ் வாங்குங்க. ஏற்கனவே விளக்கம் கேக்காம பிடிச்சதெல்லாம் திருப்பி குடுங்க, யார் யாருக்கு எவ்வளவுன்னு லிஸ்ட் என்கிட்ட இருக்கு, முதல்ல மதுரவாயல் கேஸ். இனிமே பிடிக்கணும்னு வந்தா டிரைவர், நான், வொர்க்‌ஷாப் ஆள், ஹெச்.ஆர். நாலு பேரும் உக்காந்து, வண்டியோட பழைய ரிப்பேர் ரிக்வெஸ்ட்டையும் அன்னைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினாருங்கறதையும் டேபிள் மேல வெச்சு பேசிட்டு எழுத்துல முடிவு குடுங்க. 24 மணி நேரத்துக்குள்ள தானா வந்து சொன்ன சின்ன டேமேஜுக்கு யாருக்கும் பிடித்தம் கிடையாதுன்னு எழுதி ஒட்டுங்க, அந்த பேப்பர்ல வேணும்னா இன்னைக்கே கையெழுத்து வாங்கி தரேன்.

பிரேக், டயர், ஸ்டியரிங், லைட் இந்த நாலுக்கும் யார்டு லெவல்லயே செலவு பண்ண ஒரு லிமிட் குடுங்க, பில்லு அப்புறம் அனுப்பறேன், கொட்டேஷன் எல்லாம் பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும் கேளுங்க. அந்த நாலுல ஒண்ணு சரியில்லன்னு வண்டி எடுக்க மறுக்கறவருக்கு அன்னைக்கு முழு சம்பளம், ஆப்சென்ட் கிடையாது. வர்ற ரினியூவல்ல ஐ.எம்.டி. 23 சேருங்க, மழைக்கு முன்னாடி இன்ஜின் புரொடெக்ட் கிடைக்குமான்னு கேளுங்க. அதோட முக்கியமா டிரைவருக்கு கவர். ஆர்.சி. கம்பெனி பேருல இருக்கறதால ஓனர்-டிரைவர் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் நம்ம வண்டிக்கு வராது, சம்பள டிரைவருக்குன்னு தனியா கட்டணும், கட்டியிருக்கீங்களான்னு எனக்கு பாலிசி காப்பியோட பதில் வேணும். ஒவ்வொரு வண்டி டேஷ்போர்டுலயும் ஒரு அட்டை, தமிழ்ல, ஹிந்தி பசங்களுக்கு ஹிந்தில: 108, பக்கத்து ஸ்டேஷன், இன்ஷூரன்ஸ் நம்பர், என் நம்பர், எந்தெந்த பக்கம் போட்டோ எடுக்கணும், எந்த வெத்து பேப்பர்லயும் கையெழுத்து போடாத. அச்சடிக்கற செலவு பெருசில்ல, மேட்டர் நானே எழுதி தரேன்.

25ஆம் தேதி சம்பள ஷீட் யார்டுலேர்ந்து போகணும். அதுல டேமேஜ் பிடித்தம்னு ஒரு கட்டம் இருக்கு, அத ஃபில் பண்றது நான். எழுத்துல பதில் வர்ற வரைக்கும் எல்லார் பேருக்கும் நேரா அதுல பூஜ்யம் தான் போட்டு அனுப்புவேன். அதுக்காக என்மேல நடவடிக்கை எடுக்கணும்னா எடுங்க, ஆனா என் விளக்கத்த கேட்டுட்டு எடுங்க.

இப்படிக்கு,
உங்க யார்டு சூப்பர்வைசர், அம்பத்தூர்